பேக்கப் போட்டோ திறக்கவில்லையா? அறிகுறியில் இருந்து தொடங்குங்கள்

எங்கள் வீட்டில் போட்டோ, வீடியோ, பத்திரம், சான்றிதழ் ஸ்கேன் எல்லாம் பதினைந்து வருடமாக என் பொறுப்பில் இருக்கின்றன. அதனால் சொந்தக்காரர்களில் யாருடைய டிஸ்க் மக்கர் செய்தாலும் போன் எனக்குத்தான் வரும். "செருகினா ஒண்ணும் வரமாட்டேங்குது, என்ன பண்றது?" கேள்வி எப்போதும் இதுதான். பதில்தான் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்குப் புதுக் கேபிள் போதும். இன்னொருவர் அதே டிஸ்கை மறுபடி ஒருமுறை செருகினால் மிச்சம் இருப்பதும் போய்விடும். ஆகவே காரணத்தில் இருந்து தொடங்காமல், கண்ணுக்கும் காதுக்கும் தெரிகிற அறிகுறியில் இருந்து தொடங்குகிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போய்விடலாம்.

போகும் முன் ஒன்று. எந்தச் சிக்கலாக இருந்தாலும், தெரிந்த நிமிடத்தில் அந்த டிஸ்கில் எழுதுவதை நிறுத்துங்கள். புது ஃபைல் போடாதீர்கள். ரெக்கவரி சாஃப்ட்வேரை அதிலேயே இன்ஸ்டால் செய்யாதீர்கள். மீட்டதை அதிலேயே சேமிக்காதீர்கள். ஹார்ட் டிஸ்கிலோ மெமரி கார்டிலோ ஒரு படத்தை டெலிட் செய்தால் அழிவது பெரும்பாலும் அதன் முகவரிதான். அதன்மேல் வேறொன்று எழுதப்படும் வரை படம் இருந்த இடத்திலேயே கிடக்கும். கேமராவில் கை தவறி டெலிட் செய்தவர் அதே கார்டில் மேலும் நான்கு படம் எடுத்தால், பழைய நான்கைத் தன் கையாலேயே மூடுகிறார். சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி-யில் இந்த அவகாசம்கூடக் கிடையாது. ட்ரிம் என்ற ஏற்பாடு, டெலிட் ஆன இடத்தைச் சீக்கிரமே காலி செய்துவிடும்.

செருகினால் எதுவுமே நடக்கவில்லை, சத்தமும் இல்லை

இதுதான் அதிகம் வரும் புகார், பயமும் இதில்தான் குறைவு. முதலில் கேபிளை மாற்றுங்கள். எக்ஸ்டெர்னல் டிஸ்கில் வரும் அகலமான தட்டை வாய்க் கேபிள் நாளடைவில் தளர்ந்துவிடும். விளக்கு எரியும், டிஸ்க் வராது. அடுத்து, யுஎஸ்பி ஹப்பைக் கழற்றிவிட்டு கம்ப்யூட்டரிலேயே நேராகச் செருகுங்கள். மேசைக் கம்ப்யூட்டர் என்றால் பின்பக்கத் துளையில். சிறிய 2.5 அங்குல டிஸ்குக்கு மின்சாரம் யுஎஸ்பி வழியாகவே போகிறது. துளை பலவீனமாக இருந்தால் தட்டு சுற்றவே ஆரம்பிக்காது. பெரிய 3.5 அங்குல டிஸ்குக்குத் தனி 12 வோல்ட் அடாப்டர் உண்டு. வீட்டில் கிடக்கும் வேறு அடாப்டரைச் செருகிப் பார்க்காதீர்கள், வோல்ட் மாறினால் போர்டு கருகும்.

இத்தனைக்குப் பிறகும் வரவில்லை என்றால், விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து பாருங்கள். அங்கே டிஸ்க் தெரிகிறது, ஆனால் டிரைவ் எழுத்து இல்லை என்றால் எழுத்தை மட்டும் கொடுத்தால் போதும். மேக்கில் ஃபார்மேட் செய்த டிஸ்கும் விண்டோஸில் இப்படித்தான் அந்நியமாக நிற்கும். அதை ஒரு மேக்கில் செருகினால் எல்லாம் இருக்கும்.

டக்... டக்... டக்... என்று சத்தம் வருகிறது

கழற்றுங்கள். இந்தப் பத்தியைப் படித்து முடிக்கும் வரைகூட அது ஓட வேண்டாம்.

அக்கா கல்யாண வீடியோ இருந்த டிஸ்க் ஒருநாள் மேசையில் இருந்து தரையில் விழுந்தது. எடுத்துச் செருகி, காதருகே வைத்துக் கேட்டேன். மோட்டார் மெல்ல எழும் சத்தம், பிறகு டக், டக், டக், பிறகு இறங்கி நின்றுவிடும். நம்ப மனமில்லாமல் திரும்பத் திரும்பச் செருகினேன். பத்து முறைக்கு மேல் இருக்கும். பிறகு ஒரு ரெக்கவரி லேபில் அதைத் திறந்து காட்டினார்கள். கண்ணாடி போல இருக்க வேண்டிய தட்டில் தையல் நூல் கனத்துக்கு ஒரு வட்டக் கோடு விழுந்திருந்தது. உள்ளே ஓரமாக இருந்த சின்ன வடிகட்டி கருப்பாகியிருந்தது. அந்தக் கரும்பொடிதான் தட்டில் இருந்து சுரண்டப்பட்ட படங்கள். முதல் தடவையே நிறுத்தியிருந்தால் பெரும்பகுதி கிடைத்திருக்கும் என்று அவர்கள் சொன்னதை நான் மறக்கவே இல்லை.

தட்டின்மேல் தொடாமல் மிதந்தபடி படிக்க வேண்டிய ஊசிமுனை, தன் இடம் தெரியாமல் திரும்பத் திரும்ப ஆரம்பப் புள்ளிக்குப் போய் மோதுவதே அந்த டக் சத்தம். சாஃப்ட்வேரால் இதைச் சரிசெய்ய முடியாது. ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வைத்தால் உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும், அவ்வளவுதான். வீட்டில் மூடியைத் திறப்பதும் கூடாது, ஒரு தூசி போதும். லேபில் கொடுப்பதாக இருந்தால் மூன்று விஷயங்களை முன்கூட்டியே கேளுங்கள்: தூசியற்ற அறை இருக்கிறதா, டேட்டா வரவில்லை என்றால் கட்டணம் உண்டா, மீட்கக்கூடிய ஃபைல்களின் பட்டியலைப் பணம் கட்டும் முன் காட்டுவார்களா.

வெள்ளத்தில் நனைந்த டிஸ்குக்கும் இதே மருத்துவம்தான். 2015 டிசம்பரில் சென்னையில் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியபோது, பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த ஆல்பமும் டிஸ்கும் சேர்ந்தே நனைந்தன. வெயிலில் காயவைத்துச் செருகிப் பார்த்தவர்கள்தான் அதிகம் இழந்தார்கள். சேற்றுநீர் காய்ந்தால் படிவு தட்டில் ஒட்டிக்கொள்ளும், சுற்றும்போது அது உப்புத்தாள் போலத் தேய்க்கும். அரிசியில் புதைப்பதாலும் பயன் இல்லை. ஈரமாகவே பிளாஸ்டிக் பையில் கட்டி, மின்சாரமே கொடுக்காமல் லேபுக்கு அனுப்புங்கள்.

அடிபட்ட பிறகு ஓட்டிப் பார்க்காத டிஸ்க் எவ்வளவு தாங்கும் என்பதற்கு 2003-இல் வானில் சிதறிய கொலம்பியா விண்வெளி ஓடமே சாட்சி. இடிபாடுகளில் கருகி உருகிக் கிடந்த ஒரு சீகேட் டிஸ்கில் இருந்து ஏறக்குறைய 99 சதவீதத் தரவை மீட்டார்கள். அந்த ஆய்வின் முடிவு 2008-இல் வெளியானது.

'ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்' என்று விண்டோஸ் கேட்கிறது

கேன்சல் அழுத்துங்கள். டிஸ்க் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். எந்தப் படம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை மட்டும் கெட்டிருக்கிறது. பெரும்பாலும், காப்பி ஓடும்போது பிடுங்கியதாலோ அந்த நேரத்தில் கரண்ட் போனதாலோ வந்தது. விண்டோஸோடு வரும் பழுதுபார்ப்புக் கருவியான செக்டிஸ்க் ஓட்டிப் பார்க்கலாம் என்று பலர் சொல்வார்கள். வேறு பிரதி இல்லாதபோது ஓட்டாதீர்கள். அது அட்டவணையைச் சீராக்குவதற்காகவே எழுதப்பட்டது. சீராக்கும் முயற்சியில் உங்கள் படங்களை வெட்டி எறிந்தாலும் அதற்குக் கவலையில்லை.

முதல் வேலை, டிஸ்கை அப்படியே படி எடுப்பது. டிடி-ரெஸ்க்யூ என்ற இலவச லினக்ஸ் கருவி நல்ல பகுதிகளை முதலில் வேகமாக அள்ளிவிட்டு, கெட்ட பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வரும். எதைப் படித்தது, எதை விட்டது என்று ஒரு குறிப்பேடும் வைத்துக்கொள்ளும், அதனால் நடுவில் நிறுத்தித் தொடரலாம். அந்தப் படியின் மேல்தான் இனி எல்லாப் பரிசோதனையும். டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்புக் கருவி பழைய பார்ட்டிஷனை, அதாவது டிஸ்கின் பிரிவை, கண்டுபிடித்தால் ஃபோல்டர் பெயர்களோடு எல்லாம் திரும்பும். அது முடியாதபோது அதன் கூடப்பிறந்த போட்டோரெக். இது அட்டவணையைப் பார்ப்பதே இல்லை. ஜேபெக் படம் ஒவ்வொன்றும் தொடங்கும் குறிப்பிட்ட பைட்டுகளைத் தேடிப்போய்ப் படத்தை எடுக்கும். ஆனால் பெயர் இருக்காது. 'காதுகுத்து 2012' என்ற ஃபோல்டர் போய், எண்கள் மட்டும் போட்ட ஆயிரக்கணக்கான படங்கள் கையில் நிற்கும். பிரித்து அடுக்க மாதக்கணக்கில் ஆகும், ஆனால் படம் இருக்கும்.

காப்பி ஆமை வேகத்தில் போகிறது, ஒரே ஃபைலில் நிற்கிறது

கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற சின்ன சாஃப்ட்வேரில் டிஸ்கின் ஸ்மார்ட் விவரத்தை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே எழுதி வைக்கும் குறிப்பை, பாருங்கள். நீலம் என்றால் நலம், மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு ஆபத்து. நிறத்தைவிட மூன்று வரிகளை நம்புங்கள்: 5-ஆவது எண் வரி, டிஸ்க் கெட்டுப்போனதாக ஒதுக்கிவிட்டு மாற்றிக்கொண்ட இடங்கள். 197 (அதில் சி5 என்று தெரியும்), படிக்கத் திணறிக்கொண்டிருக்கும் இடங்கள். 198 (சி6), படிக்கவே முடியாதவை. கூடிக்கொண்டே போகும் 197-ஐப் பார்த்தால், அன்றைக்கே முக்கியமான ஃபோல்டர்களை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள். சினிமா, பாட்டு எல்லாம் கடைசியில். அந்த டிஸ்கை இனி எதற்கும் நம்ப வேண்டாம், ஃபார்மேட் செய்தால் 'சரியாகிவிட்டது' போலத் தோன்றும், ஆகாது.

ஸ்மார்ட் எல்லாம் நீலமாக இருந்தும் மெதுவாக இருந்தால், ஆயிரக்கணக்கான சிறு ஃபைல்கள் காரணமாக இருக்கலாம். விலை குறைந்த பென் டிரைவ் என்றால் இன்னொரு சந்தேகமும் வரவேண்டும். 2 டிபி என்று எழுதி, உள்ளே 32 ஜிபி மட்டும் வைத்து விற்கும் போலிகள் உண்டு. அவை நிறைந்த பிறகும் காப்பியை ஏற்றுக்கொண்டே இருக்கும். பெயர்ப் பட்டியலில் எல்லாப் படமும் தெரியும், திறந்தால் இருக்காது. எந்தப் புதுக் கார்டையும் பென் டிரைவையும் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸ் என்றால் எஃப்3, வைத்து முழுக்க எழுதிப் படித்துச் சோதித்த பிறகே நம்புங்கள். இரவு போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் முடிந்திருக்கும்.

'ஃபைல் பெரிதாக இருக்கிறது' என்று மறுக்கிறது, இடமோ நிறைய இருக்கிறது

டிரைவ் ஃபேட்32 ஃபார்மேட்டில் இருக்கிறது. அதில் 4 ஜிபி-க்கு மேல் ஒரு தனி ஃபைலை வைக்க முடியாது. உள்ளிருப்பதை வேறு இடத்தில் வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட் ஆக ஃபார்மேட் செய்யுங்கள், விண்டோஸ், மேக் இரண்டிலும் ஓடும்.

சின்னப் படமாகத் தெரிகிறது, திறந்தால் பாதி சாம்பல்

என் பாட்டி திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவுகிற படம் ஒன்று இருக்கிறது, 2009-இல் எடுத்தது. ஃபோல்டரில் பார்த்தால் முழுதாக இருந்தது. திறந்தேன். முகம் இருக்கிறது, மூக்குத்திகூடத் தெரிகிறது. கைக்குக் கீழே ஒரே சாம்பல். முறமும் கீரையும் இல்லை.

கேமரா ஒவ்வொரு ஜேபெக்கின் தலையிலும் தபால்தலை அளவு சிறுபடம் ஒன்றை வைத்துவிடும். ஃபோல்டரில் நாம் பார்ப்பது பல நேரங்களில் அதைத்தான். அதனால் ஃபோல்டரை மேலோட்டமாகப் பார்த்து 'எல்லாம் இருக்கிறது' என்று முடிவு செய்யக்கூடாது. பாதிப் படம் என்றால் காப்பி நடுவில் அறுந்திருக்கலாம், அல்லது டிஸ்கின் அந்தப் பகுதி கெட்டிருக்கலாம். ஃபைலின் அளவைப் பாருங்கள். பக்கத்துப் படங்கள் எல்லாம் 3 எம்பி இருக்க இது மட்டும் 1.2 எம்பி என்றால் அறுந்தது. அளவு சரியாக இருந்து படம் கெட்டிருந்தால் உள்ளே பைட்டுகள் மாறியிருக்கின்றன. 0 பைட் என்றால் பெயர் மட்டும் வந்து படம் வந்து சேரவில்லை.

பாதிப் படத்தை ஒட்டுப்போட்டுத் தரும் சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன. சாம்பல் பகுதியில் இல்லாததை அவற்றால் கொண்டுவர முடியாது. வழி, இன்னொரு பிரதியைத் தேடுவதுதான்: மூலக் கார்டு, பழைய லேப்டாப், யாருக்கோ மெயிலில் அனுப்பியது, ஸ்டுடியோவில் பிரிண்ட் போடக் கொடுத்த பென் டிரைவ்.

இனி இது நடக்காமல் இருக்க, காப்பி செய்யும்போதே சரிபார்க்கும் வசதியுள்ள டெராகாப்பி போன்ற ஒன்றைப் பயன்படுத்துங்கள். நீண்டகாலச் சேமிப்பு என்றால் இன்னொரு படியும் தேவை. ஒவ்வொரு ஃபைலுக்கும் எஸ்எச்ஏ-256 என்ற கைரேகையை எடுத்து ஒரு பட்டியலாக ஃபோல்டரிலேயே வைத்துவிடுங்கள். 64 எழுத்து நீளம். படத்தில் ஒரே ஒரு பைட் மாறினாலும் கைரேகை முழுக்க மாறிவிடும். ஐந்து வருடம் கழித்து மறுபடி எடுத்து ஒப்பிட்டால் எந்தப் படம் கெட்டது என்று சில மணி நேரத்தில் தெரியும். நாற்பதாயிரம் படத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க யாராலும் முடியாது.

எல்லாப் படத்துக்கும் ஒரே தேதி காட்டுகிறது

தேதி இரண்டு வகை. ஃபைலின் தேதி, காப்பி செய்யும்போதும் டவுன்லோடு செய்யும்போதும் மாறிவிடும். எடுத்த தேதி, படத்துக்குள் எக்ஸிஃப் என்ற பகுதியில் கேமரா எழுதுவது, அது மாறாது. ஃபோல்டரில் 'எடுத்த தேதி' என்ற பத்தியைச் சேர்த்துப் பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் கவலையே இல்லை. எக்ஸிஃப்டூல் என்ற கருவி அந்தத் தேதியை ஃபைலின் தேதியாக ஒரே மூச்சில் எழுதித் தரும்.

1970 ஜனவரி 1, காலை 5.30 என்று காட்டுகிறதா? அது தேதியே இல்லாத ஃபைல். கம்ப்யூட்டர்கள் பல அந்த ஆண்டின் முதல் நொடியில் இருந்து காலத்தை எண்ணுகின்றன, பூஜ்யத்தை நம் நேரத்துக்கு மாற்றினால் ஐந்தரை மணி வரும். கேமராவில் பேட்டரி மாற்றியபோது கடிகாரம் பின்னுக்குப் போயிருந்தால் அந்த நாளின் எல்லாப் படமும் ஒரே அளவு தள்ளிப்போயிருக்கும். தாலி கட்டும் முகூர்த்த நேரம் பத்திரிகையில் இருக்கிறது. அந்தப் படத்தின் நேரத்தோடு ஒப்பிட்டு வித்தியாசத்தைக் கணக்கிட்டு, எக்ஸிஃப்டூலில் மொத்தமாக நகர்த்திவிடலாம். நான் அப்படித்தான் ஒரு கல்யாணத்தின் இரண்டு கேமராப் படங்களையும் ஒரே வரிசைக்குக் கொண்டுவந்தேன்.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் எக்ஸிஃப் இருக்காது, அளவும் சுருங்கியிருக்கும். ஃபைல் பெயரில் இருக்கும் தேதிதான் கையில் மிஞ்சுவது, அதனால் அந்தப் பெயரை மாற்றாதீர்கள். சொந்தங்களிடம் படம் கேட்கும்போது 'டாக்குமென்ட்டா அனுப்புங்க' என்று சொல்லுங்கள், மூலம் அப்படியே வரும். கூகுள் டேக்அவுட்டில் இறக்கிய படங்களோடு ஜேசான் என்ற சின்னச் சின்ன ஃபைல்கள் வரும். குப்பை என்று நினைத்து டெலிட் செய்யாதீர்கள். நீங்கள் ஆப்பில் திருத்திய தேதியும் எழுதிய குறிப்பும் அதில்தான் இருக்கின்றன.

போனில் டெலிட் செய்தேன், எல்லா இடத்திலும் போய்விட்டது

ஒத்திசைவு (சிங்க்) வேறு, பேக்கப் வேறு. கூகுள் போட்டோஸுக்குள் இருந்துகொண்டு படத்தை டெலிட் செய்தால் போனிலும் போகும், மேகத்திலும் போகும். போனில் மட்டும் இடம் வேண்டும் என்றால் அதற்கென்று 'இடத்தைக் காலி செய்' என்ற தனி வசதி இருக்கிறது. உடனே குப்பைத்தொட்டியைப் பாருங்கள். பேக்கப் ஆன படம் அங்கே 60 நாள் இருக்கும், ஐபோனின் 'சமீபத்தில் நீக்கியவை'யில் 30 நாள்.

2021 ஜூன் 1 முதல் கூகுள் போட்டோஸில் அளவில்லா இலவச இடம் கிடையாது. மெயில், டிரைவ், போட்டோ மூன்றுக்கும் சேர்த்து 15 ஜிபிதான். அது நிறைந்த நாளில் இருந்து புதுப் படங்கள் ஏறுவது நின்றுவிடும். அம்மா, அப்பா போன்களில் இந்த எச்சரிக்கை மாதக்கணக்கில் யாரும் பார்க்காமலே கிடக்கிறது. அடுத்த முறை ஊருக்குப் போனால் அவர்கள் போனை வாங்கி, கடைசியாக பேக்கப் ஆன தேதியைப் பாருங்கள். இரண்டு வருடம் யாரும் தொடாத கூகுள் கணக்கு நீக்கப்படலாம் என்பதும் 2023 முதல் விதியாக இருக்கிறது.

ஐபோனில் இருந்து கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்யும்போது நடுவில் பிழை காட்டி நின்றால், செட்டிங்ஸில் போட்டோஸ் பகுதியின் அடியில் 'மூலங்களை அப்படியே வை' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அனுப்பும்போது ஃபார்மேட் மாற்றும் வேலைதான் அதைத் திணறடிக்கிறது. எண்ணிக்கை குறைவாக வந்தால், 'ஸ்டோரேஜை மேம்படுத்து' என்பது ஆனில் இருக்கும். மூலப்படங்கள் ஐகிளவுடில் இருக்கின்றன, போனில் சிறு வடிவம் மட்டும்.

பழைய சிடி, டிவிடி ஓடவில்லை

எழுதும் சிடியின் உள்ளே இருப்பது ஒரு சாயம். வெயிலிலும் சூட்டிலும் வெளிறும். மேலே ஒட்டிய லேபிளின் பசையும் கெடுக்கும். நம் ஊர் ஈரப்பதத்தில் ஓரத்தில் பூஞ்சை படரும். மெல்லிய பருத்தித் துணியால் நடுவில் இருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடையுங்கள், வட்டமாகத் துடைக்கக் கூடாது. பிறகு வேறு வேறு டிவிடி டிரைவ்களில் போட்டுப் பாருங்கள். ஒன்றில் ஓடாதது இன்னொன்றில் ஓடும். டிடி-ரெஸ்க்யூ இரண்டு டிரைவ்களில் படித்ததையும் ஒரே படியில் சேர்த்துக்கொள்ளும்.

2000-களின் கல்யாண விசிடி காப்பி ஆகாமல் பிழை காட்டுவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. அதிக வீடியோ கொள்ள வேண்டும் என்று, சாதாரண டேட்டா சிடியில் இருக்கும் கூடுதல் பிழைத்திருத்தப் பகுதி அதில் விடப்பட்டிருக்கிறது. சின்னக் கீறலுக்கே நின்றுவிடும். விஎல்சி-யில் ஓடவிட்டு அதிலேயே பதிவு செய்துகொள்ளலாம். கீறல் வரும் இடத்தில் படம் ஒரு நொடி சிதறும், நாதஸ்வரம் தொடரும். இன்றே எடுத்து வையுங்கள், டிவிடி டிரைவ் உள்ள கம்ப்யூட்டரே அருகி வருகிறது.

தமிழில் தட்டச்சு செய்தது கிறுக்கலாகத் தெரிகிறது

அப்பா எழுதிய கடிதம், தாத்தாவின் கவிதை, குலதெய்வக் கோயில் வரவு செலவு. திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாக ஓடுகிறது. ஃபைல் கெடவில்லை. பாமினி, டாம், டாப், திஸ்கி, வானவில் போன்ற பழைய எழுத்துரு முறைகளில் அடித்தது. பாமினியில் 'தமிழ்' என்ற சொல் கம்ப்யூட்டருக்குள் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியுமாகத்தான் கிடக்கிறது. எழுத்துரு அதற்குத் தமிழ் வேடம் போட்டுக் காட்டியது. எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் வேடம் கலைந்துவிடும்.

எந்த எழுத்துரு என்பதை வேர்டில் அந்த வரியைத் தேர்ந்தெடுத்தால் பெயர்ப் பெட்டி காட்டும். தெரிந்தபின் என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற ஒரு மாற்றியில், இன்று எல்லாக் கம்ப்யூட்டரும் புரிந்துகொள்ளும் பொது முறையான யுனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றியதை வரிவரியாக ஒருமுறை படியுங்கள். ஊடே உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவையும் தமிழாக மாறி உளறும். மூல ஃபைலைத் தூக்கி எறியாமல், எழுத்துருவின் ஃபைலோடு சேர்த்து அதே ஃபோல்டரில் வையுங்கள்.

ஃபைல் பெயரைத் தமிழில் வைப்பவர்களுக்கு இரண்டு தனிச் சிக்கல்கள் உண்டு. விண்டோஸில் இருந்து லினக்ஸ் டிஸ்குக்கோ வீட்டுச் சேமிப்புப் பெட்டிக்கோ அனுப்பும்போது 'பெயர் நீளம்' என்று மறுக்கும். அங்கே பெயருக்கு 255 பைட்தான் இடம். 'மீனாட்சி' நம் கண்ணுக்கு நான்கு எழுத்து, உள்ளே எட்டுக் குறியீடு, 24 பைட். பெயரைச் சுருக்குங்கள். '2009-05-24 மீனாட்சி காதுகுத்து' என்று தேதி முன்னால், சொல் பின்னால் வைத்தால் வரிசையும் தானாக வரும். இரண்டாவது, பழைய மேக் டிஸ்கில் இருந்து வந்த 'பொங்கல்' ஃபோல்டர் இரண்டு முறை தெரிவது. மேக்கின் பழைய முறை, 'பொ'வில் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடாக வைக்கும். மற்றவை ஒரே குறியீடாக வைக்கும். பார்வைக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. இரண்டையும் திறந்து பார்க்காமல் ஒன்றை டெலிட் செய்துவிடாதீர்கள். உள்ளே வேறு வேறு படங்கள் இருக்கலாம்.

எல்லா ஃபைலின் பின்னொட்டும் மாறி, பணம் கேட்டு ஒரு குறிப்பு கிடக்கிறது

ரான்சம்வேர். இன்டர்நெட்டைத் துண்டியுங்கள், செருகியிருக்கும் எல்லா டிஸ்கையும் கழற்றுங்கள். பூட்டப்பட்ட ஃபைல்களையும் அந்தக் குறிப்பையும் பத்திரமாக வையுங்கள். 2016-இல் நெதர்லாந்து போலீசும் ஐரோப்பியப் போலீஸ் அமைப்பான யூரோபோலும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் சில வகைகளுக்குச் சாவி இலவசமாகக் கிடைக்கிறது. இன்று இல்லாத சாவி பிறகு வரலாம். எப்போதும் செருகியே இருக்கும் பேக்கப் டிஸ்கும் சேர்ந்தே பூட்டப்படும் என்பதால், வேலை முடிந்ததும் கழற்றி வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

டிஸ்க் நன்றாக இருக்கிறது, பாஸ்வேர்ட் தெரிந்தவர் இல்லை

இதை எழுதும்போது கை தயங்குகிறது. பெரியப்பா தவறிய பிறகு அவருடைய லேப்டாப், விண்டோஸில் டிஸ்கைப் பூட்டும் வசதியான பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவி கேட்டு நின்றது. நல்லவேளை, அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தச் சாவி இருந்தது. கணக்கின் பாஸ்வேர்ட் பெரியம்மாவின் சமையல் குறிப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. இல்லையென்றால் எந்த லேபும் திறந்திருக்க முடியாது. சாவியைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரம் இருக்கும் இடத்தில் வையுங்கள். கூகுளில் 'செயலற்ற கணக்கு மேலாளர்' என்ற ஏற்பாடும், ஆப்பிளில் 'மரபுத் தொடர்பு' என்ற ஏற்பாடும் இருக்கின்றன. நமக்குப் பின் யாருக்குப் படங்கள் போக வேண்டும் என்று பத்து நிமிடத்தில் சொல்லிவைக்கலாம்.

எந்தச் சிக்கலும் இல்லை, தினமும் 'பேக்கப் முடிந்தது' என்றே வருகிறது

நான் அதிகம் பயப்படும் அறிகுறி இதுதான். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் ஓர் ஊழியர் தவறான சர்வரில் தரவை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடிப் போனபோது, வைத்திருந்த ஐந்து வழிகளில் ஒன்றுகூட ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. அதை அவர்களே வெளிப்படையாகச் சொன்னார்கள். அதே வேலையாக இருப்பவர்களுக்கே அந்த நிலை. திறந்து பார்க்காத பிரதியை நான் பிரதி என்று கணக்கில் சேர்ப்பதில்லை.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே. அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் பரப்பிய இந்தக் கணக்கையே நானும் பின்பற்றுகிறேன். லேப்டாப்பில் ஒன்று, வீட்டு ஹார்ட் டிஸ்கில் ஒன்று, கோவையில் அக்கா வீட்டில் ஒரு டிஸ்க். வருடம் இருமுறை போகும்போது அதை மாற்றிக்கொண்டு வருவேன். கட்டணம் கட்டும் கிளவுட் ஒன்று இவற்றுக்கு மேல். பீரோவில் போட்டு வைப்பதற்கு எஸ்எஸ்டி-யை நான் எடுப்பதில்லை. எழுதும் ஆயுள் தீர்ந்த எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் ஒரு வருடம் தரவைக் காத்தால் போதும் என்பதே சிப் துறையின் தர அமைப்பான ஜெடெக் வைத்த அளவுகோல். புதிது அதைவிட நன்றாகவே தாங்கும், ஆனால் சென்னை பீரோவுக்குள் மே மாதம் 30 டிகிரி எங்கே இருக்கிறது? ஹார்ட் டிஸ்கை ஒரு மூடிய டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, மேல்தட்டில் வைக்கிறேன். ஐந்து வருடம் ஆனதும், நன்றாக ஓடினாலும், புதிதுக்கு மாற்றிவிடுகிறேன்.

ஆயுத பூஜை அன்று கருவிகளைத் துடைத்துப் பொட்டு வைப்போம் அல்லவா, அன்று டிஸ்குகளையும் எடுப்பேன். செருகி, ஸ்மார்ட் பார்த்து, கைரேகைப் பட்டியலை ஓடவிடுவேன். அது ஓடும்போது வெவ்வேறு வருடத்தில் பத்துப் படம், இரண்டு வீடியோ, ஒரு பத்திரம், வேறொரு கம்ப்யூட்டரில் முழுதாகத் திறந்து பார்ப்பேன். பாட்டியின் படம் பாதி சாம்பலாக இருப்பது அப்படி ஒரு பூஜை நாளில்தான் தெரிந்தது. லேப்டாப்பிலும் அதே சாம்பல். கெட்ட ஃபைலையே நான் மேலெழுதிக் காப்பி செய்திருக்கிறேன். அதன்பிறகு எந்தப் பேக்கப்பிலும் பழையதை மேலெழுதாமல் தனி ஃபோல்டருக்கு நகர்த்தும்படி மாற்றிவிட்டேன். அக்காவுக்குப் போன் செய்து டிஸ்கைச் செருகச் சொன்னேன். அந்த டிஸ்க் ஆறு மாதமாக யாரும் தொடாதது. படம் முழுதாக இருந்தது, முறமும் கீரையும் உட்பட. அவள் அனுப்பியதை மூன்று இடத்திலும் போட்டு, புதுக் கைரேகை எடுத்து, டப்பாவின்மேல் அன்றைய தேதியை எழுதி ஒட்டினேன்.